அட்டையில் ஒரு சொல்

பனியனில் இருந்த எழுத்தை முதலில் தெலுங்கு என்று நினைத்தேன். ஊத்துக்கோட்டையில் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. எங்களிடம் வருகிறவர்களில் பலர் தெலுங்கில் கையெழுத்துப் போடுகிறவர்கள். ஆனால் அது தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை. கறுப்புத் துணியில் வெள்ளையாக, வேரோடு பிடுங்கிய செடியைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி ஒரு பின்னல். போட்டிருந்த பையன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். கே.ஒய்.சி. புதுப்பிக்க வந்திருந்தான். கேட்டதற்கு, "பேண்டு பேரு சார், நார்வே" என்றான். மெட்டல் என்று ஒரு சங்கீதம், அதிலும் தீவிரமான வகையாம். பகலில் இரும்புக் கம்பி, ராத்திரியில் இரும்பின் பெயரால் ஒரு பாட்டு.

பிறகு பாஸ்புக் என்ட்ரி போட வரும்போதெல்லாம் கொஞ்சம் பேசுவான். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. கர்நாடக சங்கீதத்திலேயே ராகம் பிடிக்கத் தெரியாதவன். அவன் சொன்னதில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு விஷயம். இந்தக் குழுக்களை அரசியல் வாரியாகப் பிரித்துப் பட்டியல் போடுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். இது நாஜி, இது சந்தேகத்துக்குரியது, இது சுத்தம் என்று. நாஜிக் கொள்கையை வெளிப்படையாகப் பாடுகிறவர்களுக்கு 'நேஷனல் ஸோஷலிஸ்ட் பிளாக் மெட்டல்' என்று தனிப் பிரிவே உண்டு. அதற்கு எதிராக இடதுசாரிகளுக்கும் அராஜகவாதிகளுக்கும் இன்னொன்று. கடன்களை நாங்கள் ஸ்டாண்டர்டு, ஸப்-ஸ்டாண்டர்டு, டவுட்ஃபுல், லாஸ் என்று தரம் பிரிப்பது ஞாபகம் வந்தது. ஒரு வித்தியாசம். தவணை தவறி 90 நாள் ஆயிற்று என்பதற்கு எங்களுக்கு லெட்ஜரில் அத்தாட்சி வேண்டும். கடன் வாங்கியவன் பெயரை மட்டும் பார்த்து வாராக்கடன் என்று எழுதிவிட முடியாது.

ஒரு நாள், "நம்பாளுங்க பேண்டு ஒண்ணு இருக்கு சார், சிங்கப்பூரு" என்றான். ருத்ரா என்று பெயர். 1992ல் தொடங்கிய குழு, தமிழ் வம்சாவளிக்காரர்கள். 1998ல் முதல் தொகுதி. 2001ல் வந்த இரண்டாவதன் பெயர் 'தி ஆரியன் க்ரூஸேட்'.

திருவள்ளூரில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் ஆறேழு பேர் கூடுவதுண்டு. அங்கே இந்தத் தலைப்பைச் சொன்னேன். கவிதை எழுதும் நண்பர் ஒருவர் உடனே "காவி" என்றார். ஐரோப்பிய சினிமா நிறையப் பார்க்கிற இன்னொருவர் "நாஜி" என்றார். மூன்றாமவர், "சிங்கப்பூர்ல செட்டிலான ஐயர் பசங்களா இருக்கும்" என்றார். மூன்று பேரும் ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை. நானும் அப்போது கேட்டிருக்கவில்லை. ஆனால் மூன்றாமவர் சொன்னதற்கு நான் தலையாட்டினேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒரே சொல்லுக்கு மூன்று முத்திரைகள். மூன்றும் வெவ்வேறு சரித்திரங்களிலிருந்து வருகிறவை. அந்தக் குழு அவற்றில் எதற்குள் நிற்கிறது என்று கேட்காமலே நாங்கள் அவரவர் சரித்திரத்தை எடுத்து அதன் நெற்றியில் ஒட்டிவிட்டோம்.

ஐரோப்பாவில் அந்தச் சொல்லின் கதை நாம் அறிந்ததுதான். மொழிகளை வகைப்படுத்த எடுத்த பெயர் ஜனங்களின் மேல் விழுந்தது. 1853க்கும் 1855க்கும் இடையில் கோபினோ மனித இனங்களின் ஏற்றத்தாழ்வு பற்றிப் பெரிய நூல் எழுதி ஆரியனை உச்சியில் உட்காரவைத்தார். ஆரியம் மொழிக்குடும்பத்தின் பெயர், ரத்தத்துக்கும் மண்டையோட்டுக்கும் அதோடு சம்பந்தமில்லை என்று 1888ல் மாக்ஸ்முல்லர் எழுதினார். அந்தக் குழப்பத்துக்கு அவரும் ஒரு காரணம். எழுதியபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. அடுத்த அறுபது வருஷத்தில் அது எங்கே போய் முடிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

மெட்டல் உலகத்தில் இந்த முத்திரைச் சண்டையின் முதல் பெரிய வழக்கு என்று ஸ்லேயர் குழுவைச் சொல்லலாம். 1986ல் வந்த 'ரெய்ன் இன் ப்ளட்' தொகுதியின் முதல் பாட்டு, ஆஷ்விட்ஸ் முகாமின் டாக்டர் மெங்கலேயைப் பற்றியது. அவன் செய்ததை எல்லாம் அடுக்கிக்கொண்டு போகிறது. கண்டனமாக ஒரு வார்த்தை இல்லை. கொலம்பியா கம்பெனி அதை விநியோகிக்க மறுத்தது. நாஜி அனுதாபிகள் என்ற பெயர் குழுவுக்கு ஒட்டிக்கொண்டது. பாடியவர் டாம் அராயா சிலியில் பிறந்தவர். டிரம் வாசித்த லொம்பார்டோ க்யூபாவில் பிறந்தவர். தயாரித்த ரிக் ரூபின் யூதர். பாட்டை எழுதிய ஹன்னமன் யுத்தகால ஜெர்மன் பதக்கங்களைச் சேகரித்துவைத்தவர் என்பதும் உண்மைதான். சிறுகதை படிக்கிற நமக்கு இது பழக்கமான வழக்கு. ஆசிரியன் தன் கண்டனத்தைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போடவில்லை, ஆகவே உடந்தை. என் அபிப்ராயத்தில் இங்கே முத்திரை தவறு. ஆனால் பதக்கம் சேகரிக்கிறவனுடைய ருசியில் எனக்கு மரியாதை இல்லை. இவை இரண்டும் தனித்தனித் தீர்ப்புகள்.

நார்வே விஷயம் வேறு. அங்கே பர்ஸம் என்ற பெயரில் தனி ஆளாக இசை வெளியிட்டவர் வர்க் விகர்னெஸ். டால்கீன் தன் நாவலுக்காகச் செய்த கற்பனை மொழியில் பர்ஸம் என்றால் இருட்டு. பிறப்பில் இவர் பெயர் கிறிஸ்டியன். கிறிஸ்துவத்தை வெறுத்ததால் அதையும் மாற்றிக்கொண்டார். 1992லிருந்து அந்த நாட்டில் பழைய மரத் தேவாலயங்கள் எரிந்தன. 1993 ஆகஸ்ட் 10ந் தேதி மேஹெம் குழுவின் யூரோனிமஸை விகர்னெஸ் குத்திக் கொன்றார். 1994ல் கொலைக்கும் தேவாலயங்களை எரித்ததற்குமாக 21 வருஷத் தண்டனை. 2009ல் வெளியே வந்தார். சிறையிலிருந்தபோதும் பிறகும் இன வெறுப்பை எழுதிக்கொண்டே இருந்தார். 2014ல் ஒரு பிரெஞ்சு நீதிமன்றம் அதற்காகவே அவரைத் தண்டித்தது. இவருக்கு யாரும் முத்திரை குத்த வேண்டியிருக்கவில்லை. அவரே எழுதி, அவரே ஒட்டிக்கொண்டது. லெட்ஜரில் இருக்கிறது. இசையை மட்டும் கேள், மற்றதை விடு என்று இவர் விஷயத்தில் சொல்கிறவர்கள் அட்டையை மட்டும் படிக்கிறவர்களைப் போலவே சோம்பேறிகள்.

இந்த இரண்டு வழக்குக்கும் நடுவில் விழுகிறது டார்க்த்ரோன். அந்தப் பையன் முதல் நாள் போட்டிருந்த பனியன் இவர்களுடையதுதான் என்று பிறகு தெரிந்தது. 1994ல் வந்த 'டிரான்ஸில்வேனியன் ஹங்கர்' தொகுதியின் பின்னட்டையில் நார்வேஜிய மொழியில் 'நார்வேயின் ஆரிய பிளாக் மெட்டல்' என்று அச்சிட்டிருந்தார்கள். இதை விமர்சிப்பவர்களின் நடத்தை யூத நடத்தை என்கிற மாதிரி ஓர் அறிக்கை வேறு. இங்கிலாந்தில் வெளியிட்ட பீஸ்வில் கம்பெனிக்குச் சங்கடம். குழு மன்னிப்புக் கேட்டது. நார்வேயில் பையன்கள் மட்டமான எதையும் யூதன் என்று திட்டுவது வழக்கம் என்று ஒரு சமாதானமும் சொன்னது. அந்தச் சமாதானம் குற்றத்தைவிட மோசம் என்றே எனக்குப் படுகிறது. ஒரு ஜனத்தின் பெயர் ஒரு மொழியில் வசவாகிவிட்டது என்றால் அங்கேதான் விசாரணை தொடங்க வேண்டும். அடுத்த பதிப்புகளில் அந்த வாசகம் எடுக்கப்பட்டது. 1995ல் வந்த அடுத்த தொகுதியில், நாங்கள் நாஜிக் குழு அல்ல, அரசியல் குழுவே அல்ல என்று வசவோடு சேர்த்து அச்சிட்டார்கள். அந்தத் தொகுதியின் பெயர் 'பான்ஸர்ஃபௌஸ்ட்'. ஹிட்லரின் ராணுவம் டாங்கிகளைத் தகர்க்கப் பயன்படுத்திய ஆயுதத்தின் பெயர் அது. மறுப்பை அச்சிடுவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத அட்டையை அவர்களால் தேடியிருக்க முடியாது. ஆனாலும் எடுத்தார்கள், மறுத்தார்கள், பின்னாளில் வருத்தமும் தெரிவித்தார்கள். விகர்னெஸ் இதில் எதையும் செய்யவில்லை. ஒரே வருஷம், ஒரே நாடு, ஒரே சொல், நண்பர்களும்கூட. இந்தத் தொகுதியில் நாலு பாட்டுக்கு வரிகள் எழுதியவரே விகர்னெஸ்தான். பட்டியல் போடுகிறவன் இருவரையும் ஒரே கட்டத்தில் போட்டால் அது அவனுக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

இப்போது நம் பக்கம் வருகிறேன். தமிழில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற வயசு ஐரோப்பிய மொழிகளில் இல்லை. குறுந்தொகையில் ஆரியர் கயிற்றின் மேல் ஆடுகிற கழைக்கூத்தாடிகளாக வருகிறார்கள், பின்னால் பறை கொட்டுகிறது. அதே தொகையில் யாழ்ப் பிரமதத்தன் என்ற ஆரிய அரசன் தமிழில் ஒரு பாட்டு எழுதியிருக்கிறான். பிரகதத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழ் அறிவிக்கவே கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது மரபு. ஆரியப்படை கடந்தான் என்று ஒரு பாண்டியனுக்குப் பட்டம், அது பகை. திருமறைக்காட்டுத் தாண்டகத்தில் அப்பர் சிவனை ஒரே மூச்சில் ஆரியன் என்றும் தமிழன் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். அது பகை இல்லை. யாழ்ப்பாணத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து 1619ல் போர்த்துக்கீசியர் பிடிக்கும்வரை ஆண்ட தமிழ் ராஜாக்கள் தங்களை ஆரியச்சக்கரவர்த்திகள் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண் என்பது பழமொழி. நாட்டுப்புறத்தில் சில இடங்களில் ஆரியம் என்றால் வெறும் கேழ்வரகு. கூழ் காய்ச்சலாம்.

இத்தனை அர்த்தங்களும் ஒன்றாகச் சுருங்கியது சென்ற நூற்றாண்டில். பாரதி இந்தத் தேசம் முழுவதையும் ஆரிய நாடு என்று பாடியபோது அவன் மனசில் இருந்தது ஒன்று. 1940களில் அண்ணாதுரை 'ஆரிய மாயை' எழுதியபோது அந்தச் சொல் வேறொன்றாகிவிட்டது. அந்தச் சுருக்கத்துக்கு நியாயம் இருந்தது. மறுக்கப்பட்ட படிப்பும், மறுக்கப்பட்ட கோயில் வாசலும் அதற்குப் பின்னால் இருந்தன. நான் அந்தச் சுருக்கத்தில் வளர்ந்தவன், அதை விட்டுக்கொடுக்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து ராஜாவைப் படிக்க முடியாது என்பதும் தெரிகிறது. சிங்கப்பூர்க்காரனை?

பையன் ஒரு பென் டிரைவில் பாட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். கேட்டேன். உறுமல், ஒரு வார்த்தை பிடிபடவில்லை. இடையிடையே சமஸ்கிருத உச்சாடனம், நம் வாத்தியங்கள். பிறகு வரிகளைத் தேடி எடுத்துப் படித்தேன். ஆங்கிலமும் சமஸ்கிருதமும். 2003ல் 'குருக்ஷேத்ரா'. 2005, 2009, 2011ல் 'பிரம்மவித்யா' என்று மூன்று தொகுதிகள், அத்வைத வேதாந்தம். 2016ல் வந்ததன் பெயரே 'எனிமி ஆஃப் டுவாலிடி', இருமையின் எதிரி. யுத்தம், அழிவு, கபாலம் எல்லாம் உண்டு. ஆனால் அழிக்கப்படுவது அஞ்ஞானம். இனம் என்று ஒன்று நான் படித்தவரைக்கும் அகப்படவில்லை. ஆர்ய என்பது சமஸ்கிருதத்தில் மேன்மையுள்ளவன். புத்தர் சொன்ன நாலு சத்தியங்களுக்கும் ஆரிய சத்தியங்கள் என்றுதான் பாலியில் பெயர். அதற்காக அவரை யாரும் பட்டியலில் போடவில்லை.

ஆகவே நாஜி என்பது அபத்தம். காவி என்பதற்கு ஒரு எதிர்சாட்சி சொல்கிறேன். கல்கத்தாவில் ஹீதன் பீஸ்ட் என்று ஒரு குழு இருக்கிறது. அதில் இருக்கிறவர்கள் சார்வாக, மீமாம்ஸ, ஸாங்க்ய என்று தரிசனங்களின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டவர்கள். பாட்டுகள் மதத்துக்கு எதிரானவை. 2020ல் வெளியிட்ட தொகுதி இந்திய அரசாங்கத்தையும் மதவெறியையும் நேரடியாகத் திட்டுகிறது. அட்டையில் சமஸ்கிருதம் இருப்பதுதான் அளவுகோல் என்றால் இவர்களையும் காவிக் கட்டத்தில் போட வேண்டியிருக்கும். சென்னையில் ப்ளட் கவனென்ட் என்ற குழு அதே உறுமலில் இயேசுவைத் துதிக்கிறது. குரலுக்கும் கட்சி இல்லை.

இதனால் ருத்ராவுக்கு நான் நற்சான்றிதழ் கொடுத்துவிட்டேன் என்று பொருள் இல்லை. அந்தத் தலைப்பைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ஆரியச் சிலுவைப்போர். வேதத்தைத் தூக்கிப்பிடிக்க வந்தவர்களுக்குப் போர் என்பதற்குக் கிடைத்த சொல் சிலுவை சுமந்த சொல். ஆங்கிலத்தில் அந்த முதற்சொல் எந்த ரத்தத்தில் தோய்ந்தது என்று 2001ல் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஏழு வருஷத்துக்கு முன் டார்க்த்ரோனின் பின்னட்டையால் அவ்வளவு கலவரம் நடந்த அதே சின்ன உலகத்தில் புழங்கியவர்கள் இவர்கள். தெரிந்தே வைத்தார்கள், சொல்லை மீட்கிறோம் என்று வைத்திருக்கலாம். சொல்லை மீட்பது அட்டையில் நடக்கிற காரியம் அல்ல. இன்னொரு குறையும் எனக்கு உண்டு. நார்வேக்காரன் தன் ஓடினைத் தேடிப் போனபோது இவர்கள் ருத்ரனைத் தேடிப் போனார்கள், சரி. ஆனால் போன வழியில் தமிழ் இல்லை. எங்கள் கிளையிலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி. அங்கே சிவன் விஷம் குடித்துவிட்டு அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறான். நஞ்சு தலைக்கேறித் துவண்டு கிடக்கிற ஒரு தெய்வம். எந்த நார்வேக்காரனும் பொறாமைப்படுகிற படிமம். உபநிஷத்தில் அது அகப்படாது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் பாடம். பாடமாக இருப்பதாலேயே கலகத்துக்கு உதவாத மொழியாகப் போய்விட்டதோ என்னவோ. சிங்கப்பூர் ஆய்வாளர் யூஜீன் டைரியநாதன் 2009ல் இந்தக் குழுவையும் அங்குள்ள தென்னிந்திய சமூகத்தையும் சேர்த்து வைத்து ஆராய்ந்திருக்கிறார். நம் பக்கத்தில் அப்படி ஒரு முயற்சி என் கண்ணில் படவில்லை.

முத்திரை குத்துகிற வேலையை சர்க்காரே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் அந்த ஊர்தான் காட்டியது. 2019 மார்ச் 7ந் தேதி வட்டேய்ன் என்ற ஸ்வீடன் குழுவின் கச்சேரி, தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்னால் ரத்து செய்யப்பட்டது. கிறிஸ்துவர்களைப் புண்படுத்தும் என்பது காரணம். ஏப்ரல் 1ந் தேதி பார்லிமெண்டில் உள்துறை மந்திரி சண்முகம் வெறுப்புப் பேச்சு பற்றி விளக்கமளித்தார். புண்படுத்தக்கூடிய வரிகளுக்கு உதாரணமாக உறுப்பினர்களுக்குக் கொடுத்த தாளில் லேடி காகாவின் பாட்டும் இருந்தது. ஒரு பாட்டு யாரைப் புண்படுத்தும் என்பதில் ஆளுக்கு ஆள் அபிப்ராயம் மாறும் என்று காட்டவே அந்தத் தாள். கட்டங்கள் விரிய ஆரம்பித்தால் அப்படித்தான்.

நமக்கு இது ஒன்றும் வேற்றூர்ச் செய்தி அல்ல. 'எழுத்து'வில் எழுதியவன் சுத்த இலக்கியவாதி, 'தாமரை'யில் எழுதியவன் கட்சிக்காரன், வானம்பாடி என்றால் கோஷம். கைலாசபதி கட்டங்களைப் போட்டார். வெங்கட் சாமிநாதன் அந்தக் கட்டங்களைக் கிழித்த வேகத்தில் வேறு கட்டங்களைப் போட்டார். இருவரிடமிருந்தும் படித்தவன் நான். படித்த பாடத்தை எப்படிப் பிரயோகித்தேன் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் இந்தப் பகுதிக் கவிஞர் ஒருவரின் முதல் தொகுப்புக்கு விமர்சனம் எழுதினேன். இரண்டு பக்கம். அதில் ஒரு பத்தி முழுக்க அவருடைய சொற்களைப் பட்டியலிட்டேன்: போஜனம், ஸ்நானம், ஸாயந்தரம், வர்ஷம், ஸமுத்ரம், யக்ஞம், ரிஷி. ஏழு சொல். 'இழந்துபோன அக்ரகாரத்துக்கான ஏக்கம்' என்று முடித்தேன். அந்த வாக்கியத்தைப் பலர் பாராட்டினார்கள். எனக்கே அது பிடித்திருந்தது.

அவருக்கு வீட்டில் பேசுகிற மொழி தெலுங்கு. அவர் சொந்த ஊர் சத்தியவேடு பக்கம். 1960 ஏப்ரல் 1ந் தேதி பட்டாஸ்கர் ஏற்பாட்டின்படி திருத்தணி இந்தப் பக்கம் வந்தபோது அந்தப் பக்கம் போன பகுதி. அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். தெலுங்கில் சாயங்காலத்துக்கு ஸாயந்த்ரம் தவிர வேறு சொல்லைச் சாதாரண ஆள் தேட மாட்டான். குளிப்பது ஸ்நானம், சாப்பாடு போஜனம், மழை வர்ஷம், கடல் ஸமுத்ரம். சூளைக்காரன் சொல்வதும் அதுதான், சாஸ்திரி சொல்வதும் அதுதான். தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்தின் குழந்தைகள் அல்ல என்று எல்லிஸ் 1816ல் முதன்முதலில் நிறுவியதே ஒரு தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில்தான். கால்டுவெல் வந்தது 1856ல். சொல்லை வைத்து மொழியின் பிறப்பைக் கூடச் சொல்ல முடியாது என்று அவர் காட்டியிருக்க, நான் சொல்லை வைத்து ஒரு மனிதனின் தெருவைச் சொன்னேன். அதுவும் இந்த எல்லையில் உட்கார்ந்துகொண்டு, தினமும் தெலுங்குக் கையெழுத்துகளைச் சரிபார்க்கிறவன்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அவர் சொல்லி அல்ல. அவர் அம்மாவின் கணக்கு எங்கள் கிளையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அம்மாவை அழைத்துக்கொண்டு வருவார். அவர்கள் பேசிக்கொள்வதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "சௌக்கியமா சார்?" என்பார். "இருக்கேங்க" என்பேன். விமர்சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டாவது தொகுப்பு வரவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வதும் ஒரு அகங்காரம் என்பதால் அதை வற்புறுத்தவில்லை.

அந்த விமர்சனத்தில் நான் எடுத்துக்காட்டிய ஏழு சொற்களில் ஐந்து அவர் வீட்டில் தினமும் புழங்குகிற சொற்கள் என்று இங்கே பதிவு செய்கிறேன். யக்ஞத்தையும் ரிஷியையும் பற்றிய என் அபிப்ராயம் மாறவில்லை.